25 சைக்கிள் மோட்டார்

அன்புள்ள கண்ணுக்கு,

நீ அனுப்பிய பெயர்ப்பலகைப் படத்தைப் பார்த்தேன். 440 வோல்ட், மூணு ஃபேஸ், 25 சைக்கிள் (வினாடிக்கு 25 சுழற்சி, இப்போது ஹெர்ட்ஸ் என்கிறோம்), 8 போல், அதாவது எட்டுக் காந்தமுனை. தங்கவயல் மில்லில் ஓடியது என்று சொன்னால் நம்பலாம். கண்காட்சியில் ஓட்டிக் காட்டணும் என்கிறாய். சுவரில் இருக்கும் 50 சைக்கிள் லைனில் நேராகக் கொடுத்துவிடாதே.

1902-இல் காவிரியின் சிவனசமுத்திர நீர்மின் நிலையத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு 92 மைல் கம்பி இழுத்தபோது வந்த கரண்ட் 25 சைக்கிள்தான். அவ்வளவு நீளக் கம்பியில் சைக்கிள் கூடினால் கம்பியின் தடுப்பும் கூடும். போய்ச் சேரும் வோல்டேஜ் தளரும். மெதுவாகச் சுற்றும் மில் இயந்திரங்களுக்கும் அது தோது. ஆனால் அங்கே வேலை பார்த்த எலக்ட்ரீஷியனுக்கு எல்லாக் கணக்கும் அந்த 25-இல்தான் சிக்கியது. மெல்லிய இழை விளக்குகள் கண்ணுக்குத் தெரிய மினுக்கும். 50 சைக்கிளுக்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மரை அதே வோல்டேஜில் அங்கே மாட்டினால் இரும்பில் காந்தப்புலம் இரட்டித்து, சுமையில்லாமலே உறுமிச் சூடேறி எரியும். ஸ்பேர் எடுக்கும்போது பெயர்ப்பலகையைப் படிக்காதவன் அங்கே நிலைக்க முடியாது.

உன் மோட்டாருக்குத் தலைகீழ்ச் சிக்கல். 25-இல் அதன் ஒத்தியங்கு வேகம், அதாவது உள்ளே காந்தப்புலம் சுற்றும் வேகம், நிமிஷத்துக்கு 375 சுற்று. 50-இல் 750 ஆகும். ரோட்டாரை வெளியே பிய்க்கும் விசை நாலு மடங்கு. ரோட்டாரை இறுக்கிப் பிடித்திருக்கும் நூறு வருஷப் பழைய கட்டுக்கம்பி அதைத் தாங்கும் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். வோல்டேஜைக் கூட்டாவிட்டால் இழுவிசையும் கால்வாசிதான்.

அதனால் ஒரு வி.எஃப்.டி. வாங்கு, சைக்கிளையும் வோல்டேஜையும் வேண்டியபடி மாற்றித் தரும் பெட்டி அது. செட்டிங்கில் பேஸ் ஃபிரீக்வென்சியை, அதாவது முழு வோல்டேஜ் போகவேண்டிய சைக்கிளை, 25 என்று வை. பலரும் 50-இல் விட்டுவிடுவார்கள். அப்போது 25-இல் பாதி வோல்டேஜ்தான் போகும், மோட்டார் முனகிக்கொண்டு நிற்கும். அதற்கும் மோட்டாருக்கும் நடுவே, அலையை மழுக்கித் தரும் சைன் ஃபில்டர் கட்டாயம். வி.எஃப்.டி. தரும் கூர்மையான துடிப்புகள் பழைய பருத்தி, வார்னிஷ் காப்பைக் குத்திவிடும்.

அதற்கு முன் 500 வோல்ட் மெக்கரில் (காப்பின் தடையை அளக்கும் கருவி) வைண்டிங்குக்கும் பாடிக்கும் நடுவே பார். ஒரு மெகோமுக்குக் கீழே காட்டினால் ஈரம். தார்ப்பாய் போர்த்தி, மேலே சின்ன ஓட்டை விட்டு, உள்ளே இரண்டு 100 வாட் குண்டு பல்பு எரியவிடு. மணிக்கு ஒருமுறை எழுதி வை. முதலில் ரீடிங் இறங்கும், பயப்படாதே, சூட்டில் அப்படித்தான். பிறகு ஏறி ஓரிடத்தில் நிற்கும், அதுவரை நிறுத்தாதே. 60–70 டிகிரிக்கு மேல் போகவிடாதே.

பேரிங்கில் பழைய எண்ணெய் கோந்தாகியிருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, புது எண்ணெய் விட்டு, மூடியைத் திறந்து எண்ணெய் வளையம் தண்டோடு சுற்றுகிறதா என்று கண்ணால் பார். வளையம் நின்றால் அரை மணியில் பேரிங்கின் உள்பூச்சான வெள்ளை உலோகம் உருகிவிடும். குவார்ட்ஸ் தூசி ஒட்டியிருந்தால் காற்றடிக்காதே, உள்ளே போய்விடும், வாக்குவம் போடு.

பெல்ட் மாட்டாமலே முதலில் ஓட்டு. 5 சைக்கிளில் ஆரம்பித்து மெதுவாக ஏற்று. ரீடிங் எழுதின தாளைப் படம் எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அப்பா