லப்பக் தமிழ்க் குடும்பங்களுக்கு: லானை எடுங்கள், ஜல்லி மட்டும் கொட்டாதீர்கள்

அன்புள்ள டெக்சாஸ் லப்பக் நகரத் தமிழ்க் குடும்பங்களுக்கும், குறிப்பாகத் தங்கள் குடியிருப்பின் ஹெச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) குழுவில் இருக்கும் நம்மவர்களுக்கும்,

வணக்கம்.

ஊரின் தென்மேற்கில் புதிது புதிதாக வீடுகள் எழும்புகின்றன. நம்மவர்களும் வாங்குகிறார்கள், பால் காய்ச்சுகிறார்கள். மகிழ்ச்சி. இந்த மடல் வீட்டைப் பற்றியதல்ல, வீட்டுக்கு முன்னால் கிடப்பதைப் பற்றியது. பில்டர் பாய் மாதிரி விரித்துவிட்டுப் போன பெர்முடா புல், சுவரோரம் நாலு செடி, மண்ணுக்குள் ஒரு ஸ்பிரிங்க்ளர். முதல் கோடைக்கான தண்ணீர் பில் வந்ததும் பலரும் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள்: "பேசாமல் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஜல்லி கொட்டிவிடலாம்." பிடுங்குங்கள், சரி. ஜல்லி மட்டும் வேண்டாம். நான் கேட்க வந்தது இவ்வளவுதான். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

ஃபீனிக்ஸ், லாஸ் வேகஸ் வீடுகளின் படங்களைப் பார்த்துவிட்டு இங்கேயும் அதையே செய்யத் தோன்றுகிறது. அவை பாலைவன ஊர்கள். நாம் இருப்பது புல் நிலம். கலப்பை வருவதற்கு முன்பு இந்த லானோ எஸ்டகாடோ மேட்டுச் சமவெளி முழுக்கக் குட்டைப் புல்தான். காட்டெருமைக் கூட்டங்கள் மேய்ந்து திரிந்ததும் அந்தப் புல்லில்தான். இங்கே ஆண்டு மழை சராசரியாக 18 அங்குலம். சென்னையில் இதைப்போல மூன்று மடங்கு பெய்கிறது. வறண்ட ஊர் என்று பெயர் வாங்கிய தூத்துக்குடியில்கூட இதைவிடக் கூடுதல். பெய்வதைப்போல மூன்று மடங்குக்கு மேல் ஆவியாக்கிவிடும் வெயிலும் காற்றும் வேறு. 2011-இல் வருடம் முழுவதும் சேர்த்து 6 அங்குலம்கூடப் பெய்யவில்லை. அந்த அக்டோபர் 17 அன்று ஊரையே விழுங்கிய புழுதிச் சுவரைப் பற்றி அப்போது இங்கே இருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், நேரம் போவதே தெரியாமல் சொல்வார்கள். அப்படிப்பட்ட வருடங்களையெல்லாம் பார்த்துப் பழகியதுதான் இந்த மண்ணின் புல்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. நமக்கு வருவதில் ஒரு பங்கு ஓகலாலா நிலத்தடி நீர். தெற்கு டகோட்டாவில் தொடங்கி டெக்சாஸ் வரை 8 மாநிலங்களுக்கு அடியில் கிடக்கும் அந்த நீரை, பருத்திக்கும் சோளத்துக்கும் எடுத்து எடுத்து நம் பக்கத்தில் வெகுவாகக் கீழே இறக்கிவிட்டார்கள். வடக்கே இருக்கும் மெரடித் ஏரியோ 2011-இல் நகரங்களுக்குத் தண்ணீர் தருவதையே நிறுத்தும் அளவுக்கு வற்றியது. இந்த நீரைத்தான் வெயிலுக்கு எதிராக ஸ்பிரிங்க்ளரில் பீய்ச்சுகிறோம். காற்றடிக்கும் மாலையில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்: பாதி புல்லில் விழாது, பனிப்படலமாகப் பறந்து ரோட்டிலும் பக்கத்து வீட்டுக் காரிலும்தான் படியும்.

சரி, ஜல்லிக்கு வருகிறேன். போட்ட முதல் வருடம் அழகாகத்தான் இருக்கும். மார்ச், ஏப்ரலில் விதைப்புக்கு முன்பு பருத்திக் காடுகள் வெறும் மண்ணாகக் கிடக்கும்போது, மேற்கிலிருந்து வரும் செம்புழுதி கல்லிடுக்கில் எல்லாம் இறங்கும். அடியில் விரித்த கறுப்புத் துணி கீழிருந்து வரும் களையைத்தான் தடுக்கும். மேலே படியும் மண்ணில் முளைப்பதை எப்படித் தடுக்கும்? மூன்று, நான்கு வருடத்தில் அந்தத் துணிக்கு மேலேயே ஒரு மண் படுகை உருவாகிவிடும். அதில் முதலில் வந்து உட்காருவது டம்பிள்வீட். சினிமாவில் உருண்டோடும் அந்தச் செடி இந்த நாட்டுக்குச் சொந்தமே அல்ல; 1870-களில் ரஷ்யாவிலிருந்து வந்த ஆளி விதையோடு கலந்து தெற்கு டகோட்டாவில் இறங்கியது. அடுத்தது நெருஞ்சில். ஆமாம், நம்மூர் நெருஞ்சிலேதான். பிள்ளைகளின் சைக்கிள் டியூப்பைப் பஞ்சராக்கும் அந்த 'கோட்ஹெட்' முள்ளைத் திருப்பிப் பாருங்கள், அடையாளம் தெரியும். வெறுந்தரை எங்கே கிடைக்கிறது என்று காத்திருக்கும் செடி அது. ஜல்லியில் களை பிடுங்குவது எவ்வளவு கொடுமை என்பது, குனிந்து ஒரு முறை முயன்றவர்களுக்குத் தெரியும். இதற்கு மேல் சூடு வேறு. மேற்கு பார்த்த ஜன்னலுக்குக் கீழே ஜல்லி இருந்தால், பொழுது சாய்ந்த பிறகும் அந்த அனல் அறைக்குள் வந்துகொண்டிருக்கும். தண்ணீர் பில்லில் மிச்சம் பிடித்ததை ஏ.சி. பில்லில் கட்டுவீர்கள்.

மாற்று என்ன? வெயில் படும் இடத்தில் பஃபலோ புல்லும் புளூ கிராமாவும் கலந்து விதையுங்கள். இரண்டும் இந்த மண்ணிலேயே பிறந்தவை. பஃபலோ புல் வெட்டாமல் விட்டாலும் ஒரு சாணுக்கு மேல் போகாது. மாதம் ஒரு முறை மிஷின் ஓட்டினால் போதும், ஓட்டாவிட்டாலும் குடி முழுகிவிடாது. புளூ கிராமாவின் கதிர் தனி அழகு: காம்பின் நுனியில் ஒரு பக்கமாக மட்டும் விதைகள் கோத்து, வளைந்த புருவம்போல நிற்கும். காற்றில் மொத்தமும் ஒரே பக்கம் சாய்ந்து எழும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு என்னைத் திட்டுவீர்கள். முதல் பனியோடு இந்தப் புல் வைக்கோல் நிறத்துக்குப் போய்விடும், ஏப்ரல் கடைசி வரை அப்படியேதான். மரநிழலில் வராது. முதல் வருடம் வேர் பிடிக்கும் வரை தண்ணீர் கேட்கும். அப்புறம், தண்ணீர் அதிகமாகப் பாய்ச்சினால்தான் இதற்கு ஆபத்து. ஈரத்தைக் கண்டதும் பழைய பெர்முடா திரும்பி வந்து இதை அமுக்கிவிடும். வருடம் முழுவதும் பச்சையாகவே இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்து வராது.

புல் இல்லாத இடத்துக்குச் செடி. குழி தோண்டும்போது கடப்பாரை 'டங்' என்று நிற்கும் இடங்கள் வரும். வெள்ளையாக ஒரு பாளம், நம்மூர் சுக்கான் பாறை மாதிரியேதான் இருக்கும். இங்கே அதற்குக் கலீச்சி என்று பெயர். மண்ணே சுண்ணாம்பு கலந்தது என்பதால், கடையில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கும் அசேலியா போன்றவை ஒரே வருடத்தில் இலை மஞ்சளாகிப் போய்விடும். அதோடு மல்லுக்கட்டாதீர்கள். டெசர்ட் வில்லோ, ரெட் யக்கா, ஆட்டம் சேஜ், பிளாக்ஃபுட் டெய்ஸி இவையெல்லாம் இந்தச் சுண்ணாம்பிலேயே சுகமாக வளர்பவை. சாக்லேட் ஃபிளவர் ஒன்றாவது வாசல் பக்கம் வையுங்கள். காலையில் கதவைத் திறந்தால் நிஜமாகவே கோகோ வாசம் வரும், வெயில் ஏறினால் போய்விடும். மெஸ்கீட் மரத்தைப் பார்த்ததும் சீமைக் கருவேலம் என்று பதற வேண்டாம். இரண்டும் நெருங்கிய உறவுதான், ஆனால் இவர் இங்கே உள்ளூர்க்காரர். எல்லாவற்றையும் சின்னத் தொட்டியிலேயே வாங்குங்கள். பெரிய செடியைக் காற்று ஆட்டி ஆட்டி வேரே பிடிக்க விடாது. உரமும் வேண்டாம், ஊட்டி வளர்த்தால் காம்பு நீண்டு, முதல் காற்றிலேயே படுத்துவிடும். தண்ணீருக்குச் சொட்டுக் குழாய், அதன் மேல் மூன்று அங்குலம் மூடாக்கு. மரப்பட்டைத் துண்டுகள் பறந்துபோகும். நார் நாராகக் கிழித்த மரப்பட்டை ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் அதுதான் நிற்கிறது.

காற்றுக்கு ஒரு வார்த்தை. ஆரல்வாய்மொழிக் காற்றில் வளர்ந்தவர்களே இங்கே வசந்த காலத்தில் தலையில் கை வைக்கிறார்கள். பலகை வேலி காற்றை நிறுத்தும் என்று நினைக்கிறோம். இடைவெளியே இல்லாத வேலியைக் காற்று ஏறிக் குதித்து, பின்பக்கம் சுழன்று அடிக்கும். பாதிக் காற்றை உள்ளே விட்டு மீதியைத் தடுக்கும் புதர் வரிசைதான் தன் உயரத்தைப்போலப் பத்து மடங்கு தூரம் வரை தணிக்கும். 1930-களின் புழுதிக் காலத்தில் ரூஸ்வெல்ட் அரசு இதைத்தான் செய்தது: 1934 முதல் 1942 வரை, வடக்கு டகோட்டாவிலிருந்து டெக்சாஸ் வரை, ஏறத்தாழ 22 கோடி மரங்கள். நமக்குத் தென்மேற்கு மூலையில் ஒரு வரிசை போதும்.

கறிவேப்பிலை, முருங்கை, மல்லிகையை விடச் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்க மாட்டீர்கள். அவை தொட்டியில், வீட்டின் கிழக்குச் சுவரோரம் இருக்கட்டும். நவம்பரில் கராஜுக்குள் போகட்டும். கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்தால் அதுவே அவற்றுக்குப் போதும்: 2,000 சதுர அடிக் கூரையில் ஒரு அங்குல மழைக்கு 1,200 கேலனுக்கு மேல் கிடைக்கும். மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கிய 2003-ஐப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி ஹெச்.ஓ.ஏ. குழுவில் இருப்பவர்களுக்கு. "விதியில் பச்சை லான் என்று இருக்கிறது, நாங்கள் என்ன செய்வது?" என்கிறீர்கள். டெக்சாஸ் சொத்துச் சட்டத்தின் 202.007 பிரிவில் 2013-இல் செய்த திருத்தத்தைப் படியுங்கள். வறட்சி தாங்கும் தோட்டத்தையும் தண்ணீர் குறைவாகக் கேட்கும் இயற்கைப் புல்லையும் எந்தச் சங்கமும் தடை செய்ய முடியாது. வரைபடம் கேட்கலாம், ஒப்புதல் வாங்கச் சொல்லலாம். நியாயமான காரணம் இல்லாமல் மறுக்க முடியாது. மழைநீர்ப் பீப்பாய்க்கும் அதே பிரிவில் பாதுகாப்பு உண்டு. இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று: ஜல்லி, பாறை, கள்ளி இவற்றை ஒழுங்குபடுத்தும் உரிமையை அதே சட்டம் சங்கத்துக்கு விட்டு வைத்திருக்கிறது. அதாவது புல்லைத் தடுக்க உங்களுக்கு அதிகாரமில்லை, ஜல்லியைக் கட்டுப்படுத்த இருக்கிறது. நம் குடியிருப்புகளில் நடப்பது இதற்கு நேர் தலைகீழ். ஜல்லி விண்ணப்பம் ஒரே வாரத்தில் தேறுகிறது, பஃபலோ புல் விண்ணப்பத்துக்கு மூன்று சுற்றுக் கேள்வி.

அக்கம்பக்கத்தாரின் மனக்குறையும் பொய்யல்ல. கவனிக்காமல் விட்ட காடு மாதிரி தெரிந்தால் யாருக்கும் பிடிக்காது. நடைபாதை ஓரமாக ஓரடி அகலத்துக்குப் புல்லை ஒட்ட வெட்டி, பாத்திகளுக்குத் தெளிவாகக் கரை கட்டச் சொல்லுங்கள். வேண்டுமென்றே வளர்த்தது என்று பார்ப்பவருக்குப் புரிந்துவிடும், புகார் பாதி குறையும். ஒப்புதல் தரும்போதே இதை நிபந்தனையாக எழுதிவிடலாம்.

காலக்கணக்கு ஒன்றைக் கவனியுங்கள். பஃபலோ புல் விதைப்பது மே மாதத்தில். ஆனால் பெர்முடாவை ஒழிப்பது அதற்கு முந்தைய ஜூலை, ஆகஸ்ட்டில். மருந்தடித்தாலும் சரி, பிளாஸ்டிக் போர்த்தி வெயிலில் வேகவைத்தாலும் சரி, அது பச்சையாகப் படர்ந்துகொண்டிருக்கும்போதுதான் எடுபடும். செடிகளை நடுவதற்கு செப்டம்பர், அக்டோபர். ஆகவே விண்ணப்பங்கள் உங்கள் மேசைக்கு ஜூன் மாதமே வந்துவிடும். வசந்த காலக் கூட்டத்திலேயே விதியைத் திருத்தி வைத்துவிட்டால் யாருக்கும் ஒரு வருடம் வீணாகாது.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன் ஒருவன்