பதினாறு குளமும் என் கேத்திலும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

சில வாரங்களுக்கு முன் உங்கள் வாசகர் பகுதியில் வந்த ஒரு கடிதத்துக்கு இது பதில். கிளிநொச்சி மாவட்டத்தில் பூநகரி மேற்கில் கிடப்பது வெறும் கல் நிலம், நெல்லும் விளையாது, பார்ப்பதற்கும் ஒன்றுமில்லை, அந்தக் கல்லைச் சீமெந்துக்குக் கொடுத்தால் நாலு பேருக்கு வேலையாவது கிடைக்கும் என்று ஓர் அன்பர் எழுதியிருந்தார். வாசித்த கையோடு பேனையைத் தூக்கினேன். கோபத்தோடு எழுதினால் எழுத்து நடுங்கும் என்று வைத்துவிட்டேன். இப்போது கொஞ்சம் ஆறியிருக்கிறது.

நான் முழங்காவிலில் இருக்கும் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுண்ணக்கல் நிலவுருவங்களைக் கரும்பலகையில் கீறிக் கீறியே படிப்பித்தவள். கல்லுக்கு வெள்ளைச் சோக், தண்ணீருக்கு நீலச் சோக். இடம்பெயர்ந்து மரத்தின் கீழ் வகுப்பு வைத்த நாட்களில் நீலச் சோக் கிடைக்கவில்லை, தண்ணீரையும் வெள்ளையிலேயே கீறினேன். எது கல், எது தண்ணீர் என்று ஒரு பெடியன் கேட்டான். நியாயமான கேள்வி. யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றையும் கீரிமலைக் கேணியையும் தவிர நானே அப்போது எதையும் கண்டிருக்கவில்லை.

2024 யூலையில் மகளிடம் சுவிஸுக்குப் போயிருந்தேன். குரோசியா 2023 இல் ஐரோப்பாவின் பொது விசா வலயமான ஷெங்கனுக்குள் வந்துவிட்டதால் என்னிடம் இருந்த விசாவே போதும் என்று மருமகன் சொன்னார். அம்மாவுக்குப் பிளிட்விட்சே ஏரிகளைக் காட்டவேண்டும் என்பது மகளின் ஆசை. எனக்கோ அந்தப் பெயர் வாயில் நுழையவே இரண்டு நாள் பிடித்தது.

இத்தாலி வழியாகக் காரில் போனோம். திரியெஸ்தே நகரத்தைத் தாண்டியதும் வீதி ஒரு மேட்டுநிலத்தில் ஏறுகிறது. உலகம் முழுக்கச் சுண்ணக்கல் நிலத்துக்குக் கார்ஸ்ட் என்று பெயர் வந்தது அந்த மேட்டுநிலத்தை வைத்துத்தான். பாடப் புத்தகத்தில் நூறு தரம் சொன்ன பெயர் இது. "தம்பி, காரை நிற்பாட்டும்" என்று மருமகனிடம் சொன்னேன். பெருந்தெருவில் நினைத்த இடத்தில் நிற்பாட்ட முடியாதாம். அடுத்த பெற்றோல் நிலையத்தில் நிறுத்தினார். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சிவப்பு மண்ணுக்குள் இருந்து பல்லுப் பல்லாக வெளியே நீட்டிய வெள்ளைக் கல், இடையிடையே பற்றை, மேலே வெயில். சத்தியமாகச் சொல்கிறேன், பூநகரி மேற்கில் கிராஞ்சிப் பக்கம் போகிறபோது காண்கிற காட்சிதான். என்னத்தை இவ்வளவு நேரம் பார்க்கிறியள் அம்மா என்று மகள் கூப்பிட்டாள்.

அடுத்த நாள் பிளிட்விட்சே. குரோசியாவின் நடுப்பகுதி மலைக்காட்டுக்குள் இருக்கும் தேசியப் பூங்கா அது. 1949 இல் பூங்காவாக்கினார்கள், 1979 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது. பரப்பு ஏறத்தாழ 300 சதுர கிலோமீற்றர். அதில் ஏரிகள் பிடித்திருப்பது இரண்டு சதுர கிலோமீற்றர் அளவுதான், மிச்சமெல்லாம் பெரும்பாலும் காடு. பெயர் வைத்த ஏரிகள் 16. மேலே 12, கீழே 4. மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் உயர வித்தியாசம் 130 மீற்றர் சொச்சம். ஏரி என்று எழுதுகிறேனே தவிர, அங்கே நின்றபோது என் வாயில் வந்த சொல் குளம். மேல் குளம் நிரம்பி வான் பாய்கிறது. அந்தத் தண்ணீர் அடுத்த குளத்துக்குள் விழுகிறது. அது நிரம்பி அதற்கடுத்ததுக்கு. வவுனியாப் பக்கத்துச் சிறுகுளங்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைப் படம் போட்டு விளக்கத் தேவையில்லை. ஒரே வித்தியாசம், அங்கே குளக்கட்டை மனிசர் கட்டவில்லை. தண்ணீரே கட்டியது.

இரவு ஊரில் இருக்கும் என் சொந்தத் தம்பிக்கு வட்ஸ்அப்பில் சொன்னேன். அவன் வவுனிக்குளத்தின் கீழ் வயல் செய்கிறவன்.

"பதினாறு குளமோ? எத்தனை ஏக்கர் பாயும் அக்கா?"

"ஒரு ஏக்கரும் பாயாது."

"துருசு?"

"துருசே இல்லை, தண்ணீர் திறந்துவிடுகிற கதவே கிடையாது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப என்னத்துக்கு வைச்சிருக்கிறாங்கள்?"

கோடையில் ஓர் ஆளுக்கு நுழைவுச் சீட்டு 40 யூரோ, நம் காசில் பதின்மூவாயிரத்துக்கு மேல் என்று சொன்னபோதுதான் அவனுக்கு விசயம் பிடிபட்டது. ஓர் அந்தர், அதாவது ஒரு மூட்டை, பசளையையும் விடக் கூட என்றான்.

தண்ணீர் கட்டிய கட்டு என்றேன் அல்லவா, அதை விளங்கப்படுத்த நான் பிளிட்விட்சே போயிருக்கவே வேண்டாம். முழங்காவிலில் என் குசினிக்குள் இருக்கும் கேத்தில் போதும். மழைத்தண்ணீர் மண்ணுக்குள்ளால் இறங்கும்போது அங்குள்ள காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு மெல்லிய புளிப்பாகிறது. அந்தப் புளிப்பு சுண்ணக்கல்லைக் கரைக்கிறது. கரைந்த கல்லோடு தண்ணீர் கிணற்றுக்கு வருகிறது, கண்ணுக்குத் தெரியாது, பளிங்குபோல இருக்கும். கேத்திலில் கொதிக்க வைத்ததும் காபனீரொட்சைட்டு பறந்துவிடும், கல் திரும்பக் கல்லாகும். அடியில் படிகிற அந்த வெள்ளைக் கட்டிதான். பழப்புளி போட்டு ஊறவைத்து உரித்தாலும் பத்து நாளில் திரும்பவும் படிந்துவிடும் சனியன்.

பிளிட்விட்சேயில் நெருப்பு இல்லை. தண்ணீர் பாசியில் விழுந்து சிதறுகிறது. சோடாப் போத்தலைக் குலுக்கினால் வாயு போவதுபோல, சிதறும்போது காபனீரொட்சைட்டு போய்விடும். கல் பாசியின் மேலேயே படிகிறது. பாசி மூச்சுத் திணறி மேலே வளரும், அதன்மேல் திரும்பக் கல் படியும். இப்படி ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில் கட்டு உயர்கிறது. ஒருவரும் ஒரு கூடை மண் போடுவதில்லை. கோசியாக் என்ற பெரிய குளம் முந்தி இரண்டு குளமாக இருந்ததாம். கீழ்க்கட்டு வேகமாக உயர்ந்து மேல்க்கட்டை மூழ்கடித்துவிட்டது, பழைய கட்டு இப்போதும் தண்ணீருக்கடியில் கிடக்கிறது.

மரப்பலகை அடுக்கிய நடைபாதையில்தான் எல்லோரும் போகவேண்டும். பல இடங்களில் கைபிடி கிடையாது. பலகை இடுக்கால் பார்த்தால் கீழே தண்ணீர் ஓடுகிறது. ஓரிடத்தில் கட்டு என் முழங்காலுக்குக் கிட்ட இருந்தது. குனிந்து பார்த்தேன். நுனியில் பச்சைப் பாசி, ஈரம் சொட்டுகிறது. ஒரு விரற்கடை கீழே அதே பாசி மஞ்சளாகி, தொட்டால் நொறுங்கும் போல. இன்னும் கீழே பாசியின் உருவம் அப்படியே இருக்க உடம்பு முழுதும் கல். உயிரும் கல்லும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு சிறு துண்டு உடைந்து பலகையோரம் கிடந்தது. பழைய பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டலாமே என்று கை நீண்டுவிட்டது. "அம்மா, தொடாதேங்கோ!" மகள் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு கத்தினாள். வெட்கமாகப் போய்விட்டது. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொன்ன ஆள்.

என்னுடைய பங்குக்கு அது போதாதென்று பேரன் செருப்பைக் கழற்றிக் காலைத் தண்ணீருக்குள் விட்டான். எங்கிருந்தோ ஒரு விசில். சீருடை போட்ட பெண் காவலாளி வந்து, சிரித்துக்கொண்டே, ஆனால் நின்ற இடத்தை விட்டு அசையாமல், அவன் காலை எடுக்கும்வரை பார்த்தாள். அங்கே குளிப்பதற்கு 2006 இலிருந்து தடை. கால் பட்டால் பாசி சாகும், பாசி செத்தால் கட்டு வளராது. "குளத்துக்குள்ள கால் கூட வைக்கக்கூடாதோ அம்மம்மா?" என்று கேட்டான். இரணைமடுக் குளத்து வானுக்குக் கீழே குதித்து விளையாடியவர்களின் பேரன் அவன். என்ன சொல்ல?

78 மீற்றர் பெரிய நீர்வீழ்ச்சியைப் பற்றி எழுதப்போவதில்லை. எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள், நாங்களும் எடுத்தோம். நிறத்தைப் பற்றியும் சொல்லத் தெரியவில்லை. காலையில் பச்சை, மத்தியானம் நீலம்.

திரும்பும் வழியில் வாங்கு ஒன்றில் இருந்தோம். மருமகன் போனில் எதையோ வாசித்துவிட்டு ஒன்றும் பேசாமல் என்னிடம் நீட்டினார். அவர் முல்லைத்தீவுப் பக்கத்தவர். 1991 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. குரோசியப் போரின் முதல் உயிர்கள் போனது இந்தப் பூங்காவில்தானாம், இரு பக்கத்திலும் ஒவ்வொருவர். அதற்குப்பின் 1995 வரை இது போர்ப் பகுதி. சுற்றுவட்டாரத்தில் மிதிவெடிகள். யுனெஸ்கோ 1992 இல் ஆபத்திலுள்ள மரபுரிமைப் பட்டியலில் போட்டு, 1997 இல் எடுத்தது. நாங்கள் நடந்த அந்தப் பலகைப் பாதையில் இப்போது ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கு மேல் ஆட்கள் போகிறார்கள், கூட்டத்தைக் கட்டுப்படுத்தச் சீட்டில் நேரம் குறித்துத் தருகிறார்கள். சிவப்புப் பலகையில் மண்டையோடு கீறிய மிதிவெடி அறிவித்தலைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, கடிதம் எழுதிய அன்பருக்கு வருகிறேன்.

பூநகரி மேற்கில் அந்தக் கல் கிடக்கும் பொன்னாவெளியில் நீர்வீழ்ச்சி இல்லை. பிளிட்விட்சேயின் கல் டைனோசர்கள் திரிந்த காலத்தது. எங்களுடையது மயோசீன் காலத்தது, வயதில் மிகச் சின்னது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் தொடங்கி, பூநகரி மேற்கு, மன்னார் என்று கரையோரமாகப் புத்தளம் வரை போகிறது. வன்னியின் உட்பகுதியில் கருங்கல், அதனால்தான் அங்கே குளம் கட்டித் தண்ணீரைத் தேக்கினார்கள். சுண்ணக்கல்லில் அது சரிவராது, தண்ணீர் உள்ளே போய்விடும். எங்கள் கரையோரத்துக் குளம் நிலத்துக்கு அடியில் இருக்கிறது. அன்பரின் கண்ணில் படாமல் போனதில் அதிசயம் இல்லை.

கடலோரச் சுண்ணக்கல்லில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கிறது. மாரி மழை ஊறி, கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு உப்பைத் தள்ளிவைத்திருக்கும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து அதே நாற்பது அடிக்குச் சவர் ஏறப் பார்க்கும். நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இதனால்தான். பள்ளிச் சுற்றுலா போன எவருக்கும் இது தெரியும். கிராஞ்சி, வேரவில், வலைப்பாடு சனத்துக்குச் சுற்றுலா போகாமலே தெரியும். கோடையில் தண்ணீர்ப் பவுசர் வரும்வரை கானை வரிசையில் வைத்துக் காத்திருப்பது அவர்கள்தான். அந்த மேல் ஓர் அடி நிற்கிற கல்லைத்தான் வெட்டி எடுக்கலாம் என்கிறார் அன்பர். பொன்னாவெளிச் சனம் வெயிலில் நாட்கணக்காக இருந்து போராடியது வேலை வெட்டி இல்லாமலா?

சீமெந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மீள்குடியேறியபின் என் வீட்டைக் கட்டியதும் சீமெந்தால்தான். ஆனால் காங்கேசன்துறையில் கல் எடுத்த குழிகளைப் போய்ப் பாருங்கள். சீமெந்து ஆலை 1990 இல் நின்றது. குழிகள் இன்றும் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கின்றன. கல்லுக்குள் பாதை பாதையாக ஓட்டை இருப்பதால் ஓரிடத்தில் கெட்டது அங்கேயே நிற்காது. சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மணத்த காலத்தில் சுற்றியுள்ள ஊர்களும் தங்கள் வாளியை மணந்து மணந்து பார்த்ததை உங்கள் பத்திரிகையே எழுதியது.

அதனால் பொறுப்பானவர்களிடம் நான் கேட்பது ஒன்று. பூநகரி மேற்கில் எந்தக் கல்லுக்கும் அனுமதி கொடுக்குமுன், அங்குள்ள கிணறுகளில் ஒரு மாரியும் ஒரு கோடையும் முழுதாகத் தண்ணீர் மட்டத்தையும் உப்பையும் அளந்து பாருங்கள். அளந்த கணக்கைத் தமிழில் எழுதி, கிராம அலுவலர் அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். ஆங்கிலத்தில் ஒரு தடித்த அறிக்கை மாவட்டச் செயலகக் கச்சேரி அலுமாரிக்குள் இருக்கிறது என்று சொல்லாதீர்கள். ஆட்கள் இல்லையென்றால் உயர்தரப் புவியியல் மாணவர்களைக் கேளுங்கள். கயிறும் வாளியும் அவர்களிடம் உண்டு, அளக்கவும் பழகிவிடுவார்கள். வேண்டுமானால் நானும் கொப்பியோடு வருகிறேன், முழங்கால் இன்னும் மடங்குகிறது.

பிளிட்விட்சேக் கல்லை நான் கொண்டுவரவில்லை. அதற்குப் பதிலாக நேற்று என் கேத்திலின் அடியிலிருந்து ஒரு துண்டு உரித்தேன். ஒருபக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் பாசி வளர்ந்ததுபோலப் பொரிப்பொரியாக. ஒரு தாளில் சுற்றி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அந்த அன்பரின் விலாசம் உங்களிடம் இருந்தால் அனுப்பிவிடுங்கள். தபாலில் தூளாகிப் போயிருந்தால் மன்னிக்கவும், இன்னும் பத்து நாளில் வேறொன்று தரலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
முழங்காவில்.