உளுவையைப் படமெடுத்து அனுப்பு

விண்ட்சர், ஒன்டாரியோ

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்த பிறகு பொங்கல் போய்ச் சித்திரையும் பிறந்துவிட்டது. திட்டுவதையெல்லாம் போனில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். சாந்தியின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. பையன் பேசுகிற தமிழைக் கேட்டால் பெரியசாமி சார் எழுந்து வந்து பிரம்பை எடுப்பார். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் உளுவை செய்துகொண்டிருக்கிறேன்.

சிரிக்காதே. நிஜ மீன் இல்லை, தூண்டிலில் மாட்டி மீனை ஏமாற்றுகிற பொய் இரை, லூர் என்பார்கள். இங்கே செயின்ட் கிளேர் ஏரியில் ஸ்மால்மவுத் பாஸ் என்று ஒரு மீன் உண்டு. வெண்கல நிறம், சிவந்த கண். உடம்பு சின்னதுதான், ஆனால் மாட்டினால் தூண்டில் கோலை வளைத்துவிடும். அதற்கு இப்போது முக்கியத் தீனி ரவுண்ட் கோபி, நம்ம உளுவைக்குத் தூரத்துச் சொந்தம். கருங்கடல், காஸ்பியன் பக்கத்து மீன் அது. கப்பல் அடியில் எடைக்காக ஏற்றிவரும் தண்ணீரோடு வந்து சேர்ந்து, 1990-இல் செயின்ட் கிளேர் ஆற்றில் முதன்முதலாக அகப்பட்டது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே அதே பக்கத்து வரிக்குதிரைச் சிப்பி எங்கள் ஏரியில் தலைகாட்டிவிட்டது. சிப்பி தண்ணீரை வடிகட்டியே பிழைக்கிறது, அதனால் தண்ணீர் தெளிந்துவிட்டது. பெரிய கோபி அந்தச் சிப்பியைத் தின்கிறது, பாஸ் கோபியைத் தின்கிறது. தெளிந்த தண்ணீரில் பாஸ் நின்று, இரையைப் பார்த்து, பிடிக்காவிட்டால் திரும்பிப் போகிறது. அந்த முதுகைப் பார்க்கிற அவமானம் உனக்குத் தெரியாது. உன் விரால் பாசிக்குள்ளிருந்து கண்மூடித்தனமாகப் பாய்கிற ஜாதி. அந்தப் பச்சை ரப்பர் தவளைக்கே ஏமாந்தது என்றால் பார்த்துக்கொள்!

அதனால் பகலில் கம்பெனிக்கு பிளாஸ்டிக் அச்சு வரைகிறேன், ராத்திரி கோபிக்கு அச்சு வரைகிறேன். உருக்கிய பிளாஸ்டிக் நாற்றம் தாங்காமல் சாந்தி என்னைக் கராஜுக்கு நாடுகடத்திவிட்டாள்.

கண், செதில், முதுகுத் துடுப்பில் இருக்கிற கரும்புள்ளி எல்லாம் எளிது. கடையில் விற்கிற லூர்களிலும் அவை அச்சு அசலாக இருக்கின்றன. ஆனால் தண்ணீரில் போட்டு இழுத்தால் வாலை ஆட்டிக்கொண்டு நடுத்தண்ணீரில் போகின்றன. முகம் கோபி, நடை கெண்டை! கோபிக்கு நீச்சல் பையே கிடையாது. தரையை ஒட்டி ஒரு பாய்ச்சல், அப்புறம் கல்லோடு கல்லாக உட்கார்ந்துவிடும். மறுபடி ஒரு பாய்ச்சல். 1936-இல் ஃபின்லாந்துக்காரர் லௌரி ராப்பலா தக்கையைச் செதுக்கி லூர் செய்தபோது, அடிபட்ட குஞ்சுமீனின் தள்ளாட்டத்தைத்தான் பிடிக்கப் பார்த்தார், அழகை அல்ல.

என் கோபிக்கு அடிவயிறு தட்டை. தாடைக்குள் டங்ஸ்டன் குண்டு. அது ஈயத்தைவிடக் கனம், அதனால் சின்னக் குண்டே போதும். கல்லைத் தொட்டால் தூண்டில் நரம்பு வழியே விரலுக்குத் தெரிகிறது. தவிர, இங்கே லூன் என்ற பறவை ஈயக்குண்டை விழுங்கிச் சாகிறது, அந்தப் பாவம் வேண்டாம். தூண்டில் முள் ஒன்றுதான், மேல்நோக்கி வைத்தேன், கல்லில் மாட்டாது. பக்கத் துடுப்புதான் உயிரை வாங்குகிறது. இழுக்கும்போது மடங்க வேண்டும், நின்றதும் விசிறிபோல விரிய வேண்டும். மெல்லியதாக வார்த்தால் கிழிகிறது, தடித்தால் விறைத்து நிற்கிறது.

இதற்கிடையில் ஒரு சங்கடம். கூட வேலை செய்கிற ஒருவன் இதைப் பார்த்துவிட்டு, பாஸ் முட்டையிடுகிற நேரத்துக்குள் ஒரு டஜன் வேண்டும் என்றான். ஏன் என்று கேட்டேன். வசந்தத்தில் ஆண் பாஸ்தான் கூட்டைக் காவல் காக்கும். கோபி முட்டை தின்ன வரும், அதனால் அந்த ஆண் பாஸ் கோபி மாதிரி எதைக் கண்டாலும் பசியில்லாமலேயே கவ்வும். அவன் கணக்கு சரிதான். ஆனால் அந்த மீனை இழுத்து, போட்டோ எடுத்து, திரும்ப விடுவதற்குள் நிஜக் கோபிகள் கூட்டுக்குள் இறங்கி முட்டையைக் காலி செய்துவிடும். மீனை விட்டுவிட்டேன் என்று இவன் புண்ணியம் பேசிக்கொண்டிருப்பான். தர மாட்டேன் என்றேன். இப்போது கேன்டீனில் என்னைக் கண்டால் வேறு மேஜைக்குப் போகிறான்.

அவன் போகட்டும். நான் கொடுக்காவிட்டாலும் கோபி லூர் கடையில் கிடைக்கத்தான் போகிறது. ஆனால் இது நன்றாக ஆக ஆக அந்தக் கூட்டில்தான் அதிகமாகக் கெடுதல் செய்யும், அதுதான் உறுத்துகிறது. மாப்ளே, நீ குஞ்சோடு திரிகிற விராலைப் பார்த்தால் தூண்டிலைச் சுருட்டிவிடுவாய். கணபதி அண்ணன் கேலி செய்தும் நீ மாறவில்லை. அப்போது நானும் அண்ணனோடு சேர்ந்து சிரித்தவன்தான்.

இப்போது வேண்டுகோள். இங்கே உயிரோடு ஒரு கோபியைக் கூட வைத்திருக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். ஆகவே கண்ணாடித் தொட்டியில் விட்டுப் பார்க்க வழியில்லை. உன் மகள் தொட்டியில் உளுவை வளர்ப்பதாக எழுதியிருந்தாயே, அதை வீடியோ எடுத்து அனுப்பு. பக்கவாட்டில் எடு, மேலேயிருந்து வேண்டாம். பாய்ந்து உட்காரும்போது துடுப்பு எப்போது விரிகிறது என்று தெரிய வேண்டும், அதனால் ஸ்லோ மோஷனில் எடு. உனக்கு அது வராது, மகளிடமே போனைக் கொடுத்துவிடு.

அன்புடன்,
சங்கரன்