அந்தப் பத்து ரூபாய் எங்கிருந்து வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டாஸ்மாக் வருமானம் 2023-24இல் 45,855 கோடி, 2024-25இல் 48,344 கோடி. இதைப் பார்த்துக் குடி கூடிப்போச்சு என்று எல்லாரும் பேசுகிறார்கள். கூடியிருக்கலாம். ஆனால் 2024 பிப்ரவரி 1ஆம் தேதி சாதாரண குவார்ட்டர் 130லிருந்து 140 ரூபாய் ஆனதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அந்த உயர்வு மார்ச்சோடு முடிந்த முதல் கணக்கில் இரண்டே மாதம்தான் வந்தது, அடுத்ததில் வருஷம் முழுக்க வந்தது.

நான் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். தினமும் ஒரு குவார்ட்டர் குடிக்கும் கொத்தனார் ஒருவரின் வீட்டுக் கணக்கு என் நோட்டில்தான் இருக்கிறது. விலை ஏறியதற்காக அவர் ஒரு நாளும் குறைக்கவில்லை. மாதம் 300 ரூபாய் எங்கிருந்து போனது என்றால், அவர் மனைவி ஒரு லிட்டர் எண்ணெய் வாங்கியதை அரை லிட்டர் ஆக்கினார், அப்புறம் துவரம்பருப்பு பாதியானது. வரியை ஏற்றினால் குடி குறையும் என்பவர்கள் இந்த நோட்டை ஒரு தடவை புரட்டிப் பார்க்கட்டும்.

ராஜாஜி 1937இல் சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். அதனால் போன வருமானத்தை ஈடுகட்டத்தான் 1939இல் சென்னை மாகாணத்தில் விற்பனை வரி போட்டார்கள். அதன் வாரிசுதான் இன்றைய வாட் வரி. மதுவில் வரும் பணத்தில் முக்கால் பங்கு இப்போது அந்த வாட் வரியாகத்தான் வருகிறது! மதுவை விடுவதற்காகப் பிறந்த வரி மதுவிலேயே வந்து நிற்பதை நினைத்தால் மனசு கனக்கிறது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபிறகு மாநிலம் தானே ஏற்றி இறக்கக்கூடிய பெரிய வரிகள் சிலதான், மதுவும் பெட்ரோல் டீசலும் அதில் முக்கியம், அது புரிகிறது. சரி, அதற்காக இந்த ஒரு குழாயையே திருகிக்கொண்டிருக்க முடியுமா? விலை ஏற ஏற கையில் காசில்லாதவன் பாக்கெட் சாராயத்தைத் தேடுவான் என்ற பயமும் இருக்கிறது, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்ததை மறக்க முடியவில்லை.

அடுத்த முறை வருமானத்தை அறிவிக்கும்போது எத்தனை பெட்டி விற்றது, அதில் விலை உயர்வால் வந்தது எவ்வளவு என்று தனித்தனியாக, பெரிய எழுத்தில் சொல்லுங்கள். அந்தக் கூடுதல் பணத்தில் ஒரு பங்கையாவது அரசு மருத்துவமனைகளின் குடிமறப்புச் சிகிச்சைக்கு ஒதுக்குங்கள். அந்தக் கொத்தனார் போன மாதம் என்னிடமே வந்து, குடியை விடுறதுக்கு எங்கே போகணும் என்று கேட்டார்.

— ஒரு மளிகைக் கடைக்காரர், தஞ்சாவூர்