குதிரைத்திறனுக்கு முன் டிரைவைப் பாருங்கள்: விரைவுப் படகுக் கொள்முதல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு, காரைக்குடியிலிருந்து வணக்கம்.

பாக் விரிகுடாவில் ரோந்துக்கும் மீட்புப் பணிக்கும் அதிவேகப் படகுகள் வாங்குவது பற்றி நீங்கள் முடிவெடுக்கும்போது, எஞ்சினின் குதிரைத்திறனைவிட, அந்தத் திறனைத் தண்ணீருக்குக் கொண்டுசேர்க்கும் ஸ்டெர்ன் டிரைவின் தாங்குதிறனையே முதல் நிபந்தனையாக வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். எஞ்சின் வேலையே என் பிழைப்பு. தொண்டிக் கரையில் ஆபத்தில் சிக்கிய மீனவரைத் தேடிப் போகும் படகு நடுக்கடலில் டிரைவ் உடைந்து நிற்கக் கூடாது என்ற கவலையே என்னை எழுதத் தூண்டியது.

ஸ்டெர்ன் டிரைவில் எஞ்சின் படகுக்குள் அமரத்தை, அதாவது பின்முனையை, ஒட்டி இருக்கும். அதன் விசை படகின் பின்சுவரான டிரான்சம் பலகையைக் கடந்து வெளியே வந்து, மேல் கியர் பெட்டியில் கீழ்நோக்கித் திரும்பி, கீழ்ப் பெட்டியில் மீண்டும் திரும்பி புரொப்பல்லரைச் சேர்கிறது. 1959-இல் வோல்வோ பென்டா நிறுவனம் ‘அக்வாமேட்டிக்’ என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்த நாள் முதல் இந்த இரண்டு செங்கோணத் திருப்பங்களும் மாறவில்லை. டிரைவ் பெரும்பாலும் பழுதாவதும் அவ்விடங்களில்தான்.

கியர்ப் பற்களை முறிப்பது முறுக்குவிசை, அதாவது அச்சைத் திருகும் விசை. நிமிடத்துக்கு 5000 சுற்றில் 400 குதிரைத்திறன் தரும் பெட்ரோல் எஞ்சின் ஏறத்தாழ 570 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைத் தருகிறது; அதே 400 குதிரைத்திறனை 3300 சுற்றிலேயே தரும் டீசல் எஞ்சினோ 860-ஐத் தாண்டுகிறது. எனவே பெட்ரோல் எஞ்சினுக்குப் போதுமான டிரைவை, குதிரைத்திறன் ஒன்றே என்ற காரணத்தால் டீசலுக்கும் பொருத்தினால் அதன் ஆயுள் குறைந்துபோகும். இதோடு அதிர்ச்சிச் சுமையும் சேர்கிறது. பாக் விரிகுடா ஆழம் குறைந்தது என்பதால், வாடைக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். படகு அலையின் முகட்டைத் தாண்டும்போது புரொப்பல்லர் காற்றில் சுழன்று வேகமெடுக்கிறது. மறுகணம் தண்ணீரைக் கவ்வும்போது, கணக்கிட்ட சுமையை வெகுவாக மீறிய அடி மேல் கியர் மீதும், எஞ்சினையும் டிரைவையும் இணைக்கும் வளையும் மூட்டான யுனிவர்சல் ஜாயின்ட் மீதும் விழுகிறது. விற்பனையாளர் வெற்றுப் படகை அமைதியான நீரில் ஓட்டிக் காட்டும் வேகம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நிறைந்த எரிபொருள், பணியாளர்கள், கருவிகள், மீட்கப்பட்டவர்கள் என எல்லா எடையும் ஏறிய நிலைக்குத்தான் டிரைவைக் கணக்கிட வேண்டும்.

மெர்குரி ரேசிங் நிறுவனத்தின் எம்8 போன்ற டிரைவுகள் பெருந்திறனைத் தாங்குபவை. ஆயினும் அவை உச்ச வேகத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. ரோந்துப் படகின் வாழ்நாளில் பெரும்பகுதி நடுத்தர வேகத்திலும், கியரை முன்னும் பின்னும் மாற்றிக்கொண்டே ஒரு வள்ளத்தை அணைவதிலும் கழியும். அதற்கு, எதிரெதிர்த் திசையில் சுழலும் இரட்டைப் புரொப்பல்லர் கொண்ட டிரைவே ஏற்றது என்பது என் கருத்து. கீழ்ப் பெட்டியில் சுமை இரண்டு பல்சக்கரங்களுக்குப் பகிரப்படுகிறது, குறைந்த வேகத்திலும் படகு சொன்னபடி கேட்கிறது. டீசல் எஞ்சின்களின் கடும் உழைப்புக்கென்றே டிரைவ் செய்யும் கான்ராட் போன்ற நிறுவனங்களையும் விலை கூடுதல் என்று தள்ளிவிடாமல் பரிசீலிக்க வேண்டும். எந்த நிறுவனமானாலும், பொழுதுபோக்குப் பயன்பாட்டுக்கான தரமதிப்பீட்டை ஏற்காமல், தொழில்முறைப் பயன்பாட்டுக்கு இந்த டிரைவ் இத்தனை முறுக்குவிசையை, இத்தனை எடையுள்ள படகில் தாங்கும் என்று டிரைவ் தயாரிப்பாளரே எழுத்தில் தர வேண்டும்.

அடுத்தது உப்பு. டிரைவின் உடல் அலுமினியம். புரொப்பல்லரோ பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு. கடல்நீரில் இவ்விரண்டும் சேர்ந்திருந்தால் அலுமினியம்தான் அரிக்கப்படும். டிரைவுக்குப் பதிலாகத் தாமே அரிக்கப்பட்டு அதைக் காக்கும் உலோகத் துண்டுகளான ஆனோடுகள் பாதி கரைந்ததும் மாற்றப்பட வேண்டும், படகின் அடிப்பகுதிக்குப் பூசும் தாமிரம் கலந்த பூச்சு டிரைவைத் தொடவே கூடாது என்பவற்றைப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். 1953 முதல் காரைக்குடியில் இயங்கும் சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோக அரிமானத்தை ஆராய்வதையே தன் முதன்மைப் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் தந்து வரவழைத்த அந்நிறுவனம் அருகிலேயே இருக்க, ஆனோடு தேர்வுக்கு அதன் ஆலோசனையைக் கேளாதிருப்பது எனக்கு வருத்தம் தரும்.

டிரான்சத்தை ஒட்டி, கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கும் மடிப்பு உறையான ரப்பர் பெல்லோஸ் கிழிந்தால் கடல்நீர் பேரிங்கை அழிக்கும், சில வேளைகளில் படகையே மூழ்கடிக்கும். விலை மலிவான இந்தப் பொருளை நல்ல நிலையில் இருப்பதாகத் தோன்றினாலும் காலக்கெடுப்படி மாற்றிவிட வேண்டும். எஞ்சின் அச்சும் டிரைவ் அச்சும் நேர்கோட்டில் உள்ளனவா என்று பார்க்கும் அளவுக் கம்பியும், முழுமையான மாற்று டிரைவ் ஒன்றும் படகோடு சேர்த்தே வாங்கப்பட வேண்டும். உதிரிப் பாகம் வெளிநாட்டிலிருந்து வரும்வரை படகு கரையில் கிடந்தால், அது எத்தனை குதிரைத்திறன் கொண்டதாயினும் பயனில்லை.

படகை ஏற்றுக்கொள்ளும் முன், முழு எடையுடன், வாடைக்காற்றுக் காலத்தில், தொண்டிக்கு வெளியே கடலில் சோதனை ஓட்டம் நடத்துங்கள். கரை திரும்பியதும் உங்கள் முன்னிலையிலேயே கியர் எண்ணெயை வடித்து, அது தண்ணீர் கலந்து பால்போல் வெளுத்திருக்கிறதா, காந்த அடைப்பானில் உலோகத் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பின்பே இறுதித் தவணையை விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எஞ்சின் பழுதுநீக்குநர் ஒருவர்,
காரைக்குடி.