மேற்கோள் காட்டும்போது கவனிக்க

நண்பர்களே, வரைவுகளில் உரை நன்றாக வந்திருக்கிறது, மேற்கோளில்தான் குழப்பம். நாம் பின்பற்றுவது ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறை) 7ஆம் பதிப்பு.

நூலுக்கு ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, பதிப்பகம் போதும். பதிப்பகத்தின் ஊரை இந்தப் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். ஆய்விதழ்க் கட்டுரைக்கு இதழின் பெயர், தொகுதி, இதழ் எண், பக்கங்கள், கடைசியில் டிஓஐ (கட்டுரைக்கென்று இணையத்தில் தரப்படும் நிலையான அடையாள எண்). தொகுப்பு நூலில் ஒரு கட்டுரையை மட்டும் எடுத்தாண்டால், கட்டுரையாளர் பெயர்தான் முதலில் வரும், தொகுப்பாசிரியர் அப்புறம்தான். பலர் சறுக்குவது இங்கேதான்.

இணையப் பக்கத்தைப் பார்த்த தேதி, உள்ளடக்கம் மாறிக்கொண்டே இருக்கும் பக்கங்களுக்கு மட்டும். உங்களுக்கு வந்த மின்னஞ்சலை உரைக்குள் குறிப்பிட்டால் போதும், கட்டுரையின் கடைசியில் வரும் மேற்கோள் பட்டியலில் சேர்க்க வேண்டாம். வாசகரால் அதைத் தேடிப் பிடிக்க முடியாதே!

ஒருவர் நூலில் இன்னொருவரின் மேற்கோளைப் பார்த்தீர்களா? முடிந்தவரை மூலத்தைத் தேடிப் படியுங்கள். கிடைக்கவே இல்லையென்றால் உரைக்குள் இருவரையும் சொல்லுங்கள், பட்டியலில் நீங்கள் படித்த நூல் மட்டும். படிக்காததைப் படித்ததாகக் காட்டினால் மாட்டிக்கொள்வீர்கள்: நீங்கள் படித்த நூலில் பக்க எண் தப்பாக இருந்தால் உங்களிடமும் அதே தப்பு நிற்கும்.

மேற்கோள்களைத் தொகுத்துத் தரும் மென்பொருளான ஸோடெரோ தருவதை அப்படியே ஒட்டாதீர்கள். ஆண்டும் பெயரும் சரிதானா பாருங்கள். சந்தேகமிருந்தால் நூலின் தலைப்புப் பக்கத்தைப் படமெடுத்து இங்கே போடுங்கள்.