கம்பு பிடித்த தம்பிக்கு

தம்பி,

திங்கட்கிழமை உனக்கு நில அளவை வகுப்பு தொடங்குகிறது. எதை விட்டுவிட்டு இதற்கு வந்தாய், ஏன் விட்டாய் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அன்றைக்கு வீட்டில் யார் யார் என்ன பேசினார்கள் என்றும் எழுதப்போவதில்லை. பேசினவர்களில் இரண்டு பேர் நான் எழுதுவதை ஒன்றுவிடாமல் படிக்கிறவர்கள். நான் பேசினதை மட்டும் எழுதிக்கொள்கிறேன், அதற்கு யாரையும் கேட்க வேண்டாம்.

பள்ளி இறுதித் தேர்வு முடிந்து பத்து நாள் இருக்கும். சாயங்காலம் நீ உள்ளே வந்த கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. முழங்கால் வரை புழுதி. கழுத்தின் பின்பக்கம் வெயிலில் கறுத்திருந்தது. வலது உள்ளங்கையில் கம்பைப் பிடித்த தடம். பக்கத்து மனையை அளக்க வந்த சர்வேயரிடம் நீயாகவே போய், "ஒரு நாள் உங்ககூட வரலாமா சார்?" என்று கேட்டிருக்கிறாய். அவரும் சரி என்றிருக்கிறார். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாய். "அக்கா, முக்காலி மேல டோட்டல் ஸ்டேஷனை வச்சு லெவல் பண்றாங்கல்ல, பபுள் நடுவுல வந்து நிக்கிற வரைக்கும் யாரும் மூச்சே விடமாட்டாங்க." நிலம் அளக்கிற அந்தக் கருவியின் இல்லாத திருகுகளைக் காற்றிலேயே திருப்பிக் காட்டினாய். எதிர்முனையில், கருவி குறிபார்க்கிற பிரிசம் என்ற கண்ணாடி பொருத்திய கம்பை நட்டமாகப் பிடிப்பது உன் வேலை. கொஞ்சம் சாய்ந்தாலும் அளவு தப்பிவிடும் என்றாய். "போர் அடிக்கலையா?" என்று கேட்டேன். "ரொம்ப அடிச்சது. கேட்டைத் திறக்க ஆள் வரலைன்னு ஒரு மணி நேரம் சும்மா நின்னோம். ஆனா பிடிச்சிருந்தது."

அதற்கு நான் சொன்னது: "கம்பு பிடிக்கவாடா உன்னை இவ்வளவு படிக்க வச்சோம்?"

நீ பதில் பேசவில்லை. கட்டணம் கட்டுவது யார் என்று உனக்குத் தெரியும், அதனால் பேசவில்லை. அது தெரிந்துதான் நானும் கேட்டேன்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கணக்குப் படிப்புக்கு நான் விண்ணப்பம் போட்டதற்கு ஒரே காரணம், என் தோழி போட்டாள். ஒரு கணக்கர் காலையிலிருந்து மாலை வரை என்ன செய்கிறார் என்பதை, நானே கணக்கராகி நாற்காலியில் உட்கார்ந்த அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். ஒரு சட்டை எடுக்கக்கூடப் போட்டுப் பார்க்கிறோம்! பதினோரு வருடமாக அதே நாற்காலி. பிடிக்கவில்லை என்று சொல்லமாட்டேன், மேலாளரும் படிக்கலாம். உனக்குப் பிடிக்கவில்லை என்றதும் பாதியில் எழுந்து வர முடிந்தது, பின்னால் நான் இருந்தேன். எனக்குப் பின்னால் யார்டா இருந்தார்கள்? இதை நீ ஒரு தடவையாவது யோசித்ததுண்டா?

சரி, அது வேறு கதை.

நீ படிப்பை விட்டுவிட்டு வந்த அப்புறம், தூக்கம் வராத இரவுகளில் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1908இல் பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் இளைஞர்கள் தொழில் தேர்ந்தெடுப்பதற்கென்றே ஓர் ஆலோசனை மையம் தொடங்கினார். அதே வருடம் இறந்தும்போனார், அவர் எழுதிய புத்தகம் மறு வருடம் வந்தது. அவர் சொன்னது மூன்றே விஷயம்: உன்னைத் தெரிந்துகொள், வேலையைத் தெரிந்துகொள், இரண்டும் எப்படிப் பொருந்துகிறது என்று யோசி. நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் உன்னை நேராக மூன்றாவதில் கொண்டுபோய் நிறுத்தினேன், அதையும் உனக்காக நானே யோசித்து முடித்துவிட்டு.

அந்தக் கேள்வித்தாள் ஞாபகம் இருக்கிறதா? ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் வகுத்த ஆறு வகைகளை வைத்து, எந்தமாதிரி வேலையில் நாட்டம் என்று பார்ப்பது. உனக்குக் கையால் செய்கிற, வெளியில் நின்று செய்கிற வேலை என்று வந்தது. "தூக்கக் கலக்கத்துல போட்டிருப்ப, இன்னொரு தடவை போடு" என்றேன். மறுபடியும் அதே. அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இத்தனைக்கும் அது ஜாதகம் இல்லை. இந்தப் பக்கம் போய்ப் பார் என்று கை காட்டும், அவ்வளவுதான். நீ போய்ப் பார்த்துவிட்டே வந்திருந்தாய்.

ஜப்பானில் ஹியோகோ என்ற மாகாணத்தில் 1998இலிருந்து நடுநிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடமே ஐந்து நாள் வேலையிடங்களுக்கு அனுப்புகிறது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள். அயர்லாந்தில் 1974இல் தொடங்கிய ஒரு திட்டம், பள்ளிப் படிப்பின் நடுவில் ஒரு முழு வருடத்தையே இந்தமாதிரி அனுபவங்களுக்கு விட்டுவைக்கிறது. நான் உன்னோடு ஒரு நாளுக்குச் சண்டை போட்டேன்.

ஆனால் அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லித்தரவில்லை. தெரியாமல் செய்தது தப்பில்லை என்று ஒரு மனசு சொல்கிறது. தெரியவில்லை என்றால் நீ சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கலாமே என்று இன்னொரு மனசு.

போன மாதம் அலுவலகத் தோழி ஒருத்தி மகளைக் கூட்டி வந்தாள். கணக்குப் படிக்கப் போகிறாளாம், ஒரு நாள் பார்க்கட்டும் என்றாள். மாதக் கடைசியில் அனுப்பு என்றேன். வேலை லேசான நாளில் வந்தால் குளிர்சாதனமும் சுழல் நாற்காலியும்தான் கண்ணில் படும். வந்த பெண்ணை வங்கிக் கணக்கையும் எங்கள் பேரேட்டையும் ஒத்துப்பார்க்க உட்காரவைத்தேன். ஒரு சின்னத் தொகை இடிக்கிறது, மத்தியானம் முழுக்கத் தேடினோம். ஒரு பதிவில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. அவள்தான் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததும் முகத்தில் ஒரு வெளிச்சம் பார், எனக்குப் பொறாமையாக இருந்தது. என் ஒருத்தியை வைத்து முடிவு பண்ணாதே, இதே வேலையில் இன்னும் இரண்டு பேரைப் பார், இதை விட்டுப் போன ஒருவரையாவது தேடிப் பிடித்துப் பேசு என்றேன். "பிடிச்சிருக்கா" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "நேத்து ரெண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் என்ன பண்ணீங்க" என்று கேள் என்றும் சொன்னேன். கேட்க ஆள் கிடைக்காவிட்டால் ஓநெட் என்று அமெரிக்கத் தொழிலாளர் துறையின் இணையதளம் ஒன்று இருக்கிறது. வெளியில் நிற்க வேண்டுமா, உட்கார்ந்தே இருக்க வேண்டுமா என்பது வரை வேலை வேலையாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஊரான் பிள்ளைக்கு எவ்வளவு பொறுமையாகச் சொல்லியிருக்கிறேன் பார்.

வீட்டுக்கு வந்து உன் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். கேட்காமல்தான் திறந்தேன். அந்த நாளைப் பற்றி நோட்டில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். 7.10 முக்காலி நிறுத்தியது. 9.40 கேட் பூட்டு. 2.15 பேட்டரி தீர்ந்தது. கடைசி வரி: "தோள் வலி. நாளைக்குக் கூப்பிட்டாலும் போவேன்."

தம்பி, அவர் கூப்பிட்டார்.

மறுநாள் காலை நீ குளித்துக்கொண்டிருந்தாய். உன் போனை எடுத்தது நான். அவனுக்குப் படிக்கிற வேலை இருக்கு, இனிமேல் கூப்பிடாதீங்க என்று சொல்லிவிட்டு, அந்த அழைப்பையும் அழித்தேன். நீ அந்த வாரம் முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருந்தாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவருக்கு உன்னைப் பிடிக்கவில்லை போல என்று நீயே ஒருநாள் சொன்னாய். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

வைப்பதற்கு முன்னால் அவர் ஒன்று சொன்னார். "சரிம்மா. பையன் கம்பை ஆடாம பிடிக்கிறான், அதைச் சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன்."

உனக்குச் சொன்னது அது. நாலு வருடம் என்னிடமே இருந்துவிட்டது.

அக்கா